பூ வேட்டைக்காரரின் தாமதம்: வில்லியம் பார்ட்ரம் (1739–1823)

1797-ல் வில்லியம் டன்லப் என்ற நாடக ஆசிரியர், ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் இருந்த ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போனார். ட்யூலிப் பாத்தியில் வயதான ஒருவர் வாரியால் மண்கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். பழைய தொப்பி முகத்தின் மேல் சரிந்து கிடந்தது. கழுத்துத் துணி கட்டாததால் முரட்டுச் சட்டை வெளியே தெரிந்தது. மேலங்கியும் கால்சட்டையும் தோலால் ஆனவை. காலணியைக்கூடத் தோல் வாரால்தான் கட்டியிருந்தார். டன்லப் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்கு அந்த உருவம் கிடைக்கிறது.

அவர்தான் வில்லியம் பார்ட்ரம். அப்போது அவருக்கு 58 வயது. ஆறு வருடங்களுக்கு முன் அவர் எழுதிய பயண நூல் அதற்குள் லண்டனிலும் டப்ளினிலும் பெர்லினிலும் அச்சாகியிருந்தது. இங்கிலாந்தில் கோலரிட்ஜ் என்ற இளம் கவிஞர் அதை வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஃபுளோரிடாவில் பூமியைப் பிளந்து பீறிட்டு வரும் ஊற்றுகளைப் பார்ட்ரம் வர்ணித்த பக்கங்கள், கோலரிட்ஜின் 'குப்ளா கான்' கவிதைக்குள் வேறு வேடத்தில் நுழைந்தன.

அமெரிக்க இயற்கையியலின் தொடக்க காலத்தைப் பேசுகிறவர்கள் யாரும் பார்ட்ரமைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் தாவரவியல் பெயர்ப் பட்டியலைப் பிரித்தால், அவர் முதலில் கண்டு, வரைந்து, விவரித்த செடிகளில் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் வேறு யாரோவாக இருக்கிறார். இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் பதில் "ஆள் கனவு காண்பவர், காரியவாதி இல்லை" என்பது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

தகப்பனின் கவலை

தந்தை ஜான் பார்ட்ரம், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, பெரிய படிப்பு இல்லாத விவசாயி. 1728-ல் ஸ்கூல்கில் ஆற்றங்கரைக் கிங்ஸெஸிங்கில் நிலம் வாங்கி, வீட்டைத் தன் கையாலேயே கல் வைத்துக் கட்டினார். லண்டன் துணி வியாபாரி பீட்டர் காலின்சனோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டதும் அந்தப் பண்ணை வேறொன்றாக மாறியது. அமெரிக்கக் காடுகளின் விதைகளை மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார். ஒரு பெட்டி 5 கினி (அன்றைய ஆங்கிலத் தங்க நாணயம்). நூறு வகை விதைகள்வரை ஒரு பெட்டிக்குள் இருக்கும். இங்கிலாந்துப் பிரபுக்களின் தோட்டங்களில் அமெரிக்க மரங்கள் இடம்பிடித்தது பெரும்பாலும் இந்தப் பெட்டிகளால்தான். 1765-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தன் தாவரவியலாளராக நியமித்தார். சம்பளம் வருடத்துக்கு 50 பவுண்டு.

இரட்டைக் குழந்தைகளில் ஒருவராக 1739 ஏப்ரலில் பிறந்த வில்லியம், பதினைந்து பதினாறு வயதிலேயே பறவைகளை வரைந்து லண்டனுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் அவற்றைத் தன் நூலில் பயன்படுத்திக்கொண்டார். தகப்பனுக்கு இதில் பெருமையும் பயமும் சம அளவு. செடியும் படமும்தான் பையனுக்கு உயிர், இப்படியே போனால் எந்தத் தொழிலிலும் ஒட்டமாட்டான் போலிருக்கிறது என்று காலின்சனுக்கு எழுதினார். கனவானாகச் சுற்றித் திரிய வேண்டாம், உழைத்துச் சாப்பிடப் பழகட்டும் என்பது அவர் கணக்கு.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் குடும்ப நண்பர். பையனுக்கு அச்சுத் தொழில் சொல்லித் தருகிறேன் என்று முன்வந்தார். ஜான் யோசித்தார்: இந்த ஊரில் அச்சடித்துப் பிழைத்தவர் ஃபிராங்க்ளின் ஒருவர்தானே! இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தகப்பன் முழுசாகத் தெரிகிறார். கடைசியில் வில்லியம் ஒரு வியாபாரியிடம் தொழில் பழகப் போனார்.

அதற்குப் பிறகு வரும் பத்துப் பன்னிரண்டு வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடந்தது. 1761-ல் வட கரோலினாவில், கேப் ஃபியர் ஆற்றங்கரையில் இருந்த சித்தப்பாவின் ஊரில் கடை வைத்தார். கடை ஓடவில்லை. 1765-66-ல் தந்தையோடு ஜார்ஜியா, ஃபுளோரிடா பயணம். அந்த மண்ணில் மனம் பறிகொடுத்து, செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையிலேயே விவசாயம் செய்வதாகத் தங்கிவிட்டார்.

இங்கே மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். தந்தை அவருக்குத் தளவாடங்களோடு, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மனிதர்கள் ஆறு பேரையும் வாங்கிக் கொடுத்தார். பார்ட்ரமைப் பற்றிய இனிமையான கட்டுரைகள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். 1766-ல் அந்தப் பக்கம் வந்த ஹென்றி லாரன்ஸ் என்ற சார்ல்ஸ்டன் வியாபாரி, தாம் பார்த்ததை ஜானுக்குக் கடிதமாக எழுதினார். ஒழுகும் குடிசை, சதுப்பு நிலம், காய்ச்சல். மனைவி இல்லை, நண்பன் இல்லை, ஒன்பது மைல் சுற்றளவில் மனித வாடையே இல்லை. லாரன்ஸ் வில்லியமுக்காகத்தான் பரிதாபப்பட்டார். அதே குடிசைப் பக்கத்தில், அதே காய்ச்சலில், தாங்கள் தேர்ந்தெடுக்காத நிலத்தில் உழைத்த ஆறு பேருக்காக அந்தக் கடிதத்தில் யாரும் வருந்தவில்லை. லாரன்ஸும் அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்தான். பிற்காலத்தில் வில்லியம், பார்ட்ரம் தோட்டத்தின் அச்சிட்ட செடிப் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் அடிமை முறைக்கு எதிராக ஒரு முறையீட்டை எழுதிப் பார்த்தார். கைப்பிரதி இருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தில் அது அச்சாகவில்லை.

விவசாயம் ஒரு வருடத்துக்குள் முடிந்தது. ஊர் திரும்பிப் பண்ணைக்கூலியாகக்கூட வேலை பார்த்தார். 1770-ல் கடன்காரர்களின் நெருக்கடி தாங்க முடியாமல் மறுபடியும் கேப் ஃபியருக்கு ஓடினார். அப்போது வயது 31.

ஒரு தாமரைப் படம்

இந்தத் தோல்விக் கணக்கில் சேராமல் ஓடிக்கொண்டிருந்த வேலை ஒன்று உண்டு. 1767 வாக்கில் காலின்சனுக்கு அனுப்பிய ஒரு படத்தைப் பாருங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பது. அமெரிக்கத் தாமரைதான் நாயகி. நம் செந்தாமரையின் ஒரே உடன்பிறப்பு அது. உலகத்தில் தாமரைப் பேரினத்தில் இருப்பது இரண்டே இனங்கள்: ஆசியாவில் நம்முடையது, அமெரிக்காவில் வெளிர்மஞ்சள் பூப் பூக்கும் அது. படத்தில் இலை குடைபோல் விரிந்து நிற்கிறது. அதன் கீழே ஒரு நாரை, இலையோடு ஒப்பிட்டால் பொம்மை அளவில். ஓரத்தில் வீனஸ் பூச்சிப்பொறிச் செடி, அதுவும் குட்டியாக. அந்தச் செடி ஐரோப்பாவில் அப்போது அநேகமாக வதந்தி மட்டுமே.

அந்தக் காலத் தாவரப் படம் பெரும்பாலும் வெள்ளைத் தாளின் நடுவே ஒற்றைக் கிளையாக இருக்கும். வேர், பூ, விதை என்று அறுத்து அடுக்கிய மாதிரி. பார்ட்ரம் செடியைத் தண்ணீரோடும் பறவையோடும் பூச்சியோடும் சேர்த்தே வரைந்தார். பாம்பு தவளையைப் பிடிக்கும், நத்தை ஏறும், இலையில் ஓட்டை விழுந்திருக்கும். அளவுகள் மாறிக் கிடப்பதைப் பிழை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது அருகில் உட்கார்ந்து பார்ப்பவனின் கணக்காகத் தெரிகிறது. தண்ணீர் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் தாமரை இலை நாரையை மறைக்கத்தான் செய்யும்.

கல்லூரியில் செய்தித்தாளுக்கு நடுவே செடி அழுத்திக் காயவைத்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். முதல் வாரத்திலேயே நிறம் போய்விடும். மஞ்சள் பழுப்பாகும், நீலம் சாம்பலாகும், பூ நின்ற நிலை தட்டையாகிவிடும். உலர்ந்த மாதிரி இலையின் அமைப்பைக் காப்பாற்றும், உயிரோடு இருந்த தோற்றத்தைப் படம்தான் காப்பாற்றும். புகைப்படம் இல்லாத காலத்தில் ஓவியம் ஒரு சாட்சி ஆவணம். காலின்சன் இந்தப் படங்களை லண்டனில் பணக்கார ஆர்வலர்களிடம் காட்டினார். அவர்களில் ஒருவர் டாக்டர் ஜான் ஃபாதர்கில். குவேக்கர் மருத்துவர், எஸெக்ஸில் அப்டன் என்ற ஊரில் பெரிய தோட்டம் வைத்திருந்தவர்.

50 பவுண்டும் அதற்கான வேலையும்

1772-ல் வில்லியமே ஃபாதர்கில்லுக்கு எழுதினார், ஃபுளோரிடா போக உதவுங்கள் என்று. டாக்டர் சம்மதித்தார். வருடத்துக்கு 50 பவுண்டு, படங்களுக்குத் தனிப் பணம். அவர் கேட்டதும் தெளிவாகத்தான் இருந்தது. எல்லாப் புல்பூண்டும் தன் தோட்டத்துக்குத் தேவையில்லை. பயனுள்ளது, அழகானது, அபூர்வமானது, மணமுள்ளது இவைதான் வேண்டும். அதுவும் இங்கிலாந்துக் குளிரைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. அவர் கேட்டது குளிர் தாங்கும் செடி, இவர் போக ஆசைப்பட்டது ஃபுளோரிடா.

1773 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கப்பலேறினார். முதல் பெரிய வேலை ஜார்ஜியாவின் அகஸ்டாவில். அமெரிக்கப் பழங்குடிகளான கிரீக், செரோக்கி மக்கள் வெள்ளை வியாபாரிகளிடம் வாங்கிய கடனுக்காக 20 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தை விட்டுக்கொடுத்த உடன்படிக்கை அங்கே நடந்தது. எல்லை அளக்கப் போன குழுவோடு பார்ட்ரமும் போனார். சர்வேயர் திசைகாட்டியை வைத்து ஒரு பக்கம் கையைக் காட்ட, கிரீக் தலைவர் இல்லை, ஆறு இந்தப் பக்கம் என்றார். சர்வேயர் கருவியைக் காட்டி வாதாடினார். அந்தப் பொல்லாத சின்னக் கருவி பொய் சொல்கிறது, அதை நம்பி எங்கள் நிலத்தைப் பறிகொடுக்க மாட்டோம் என்று தலைவர் மறுத்துவிட்டார். கருவியை ஓரம் வைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. கடனுக்கு பயந்து ஊரைவிட்டு ஓடிய மனிதர், கடனுக்காக நிலத்தை இழக்கும் மக்களோடு காட்டில் நடந்துகொண்டிருக்கிறார். பார்ட்ரம் இந்த ஒப்புமையை எழுதவில்லை. ஆனால் சம்பவத்தை விடாமல் எழுதினார், தலைவரின் பக்கம் நியாயம் இருப்பது தெரிகிற மாதிரியே எழுதினார்.

1774-ல் ஃபுளோரிடா. அலாச்சுவா புல்வெளிக்கு அருகே கஸ்கோவில்லா என்ற ஊரில் செமினோல் பழங்குடித் தலைவர் அஹாயா இருந்தார். ஏராளமான மாடுகள் வைத்திருந்ததால் ஆங்கிலேயர் அவரைக் 'கௌகீப்பர்' என்பார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டார். செடி பார்க்க என்று பதில் வந்ததும், 'புக் பகி' என்று பெயர் வைத்து, எங்கள் நிலத்தில் எங்கு வேண்டுமானாலும் போய்ப் பார் என்று அனுமதி கொடுத்தார். 'பூ வேட்டைக்காரன்' என்று அர்த்தம்.

அந்த வருடம்தான் பிரசித்தி பெற்ற முதலைச் சண்டையும் நடந்தது. செயின்ட் ஜான்ஸ் ஆற்றோரம் முகாம் போட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கச் சிறு படகில் தனியாகப் போகிறார். துப்பாக்கி தண்ணீரில் விழுந்துவிடும் என்று கரையிலேயே விட்டாயிற்று; கையில் ஒரு தடி மட்டும். பாதி வழியில் நாலா பக்கமும் முதலைகள் சூழ்ந்துகொள்கின்றன. இரண்டு பெரியவை தலையும் உடம்பில் பாதியும் தண்ணீருக்கு மேலே தூக்கி, காதருகே தாடையை அடித்து உறுமுகின்றன. தடியைச் சுழற்றிக்கொண்டே கரையோரம் ஒதுங்கித் தப்பிக்கிறார். தப்பித்தவர் திரும்பியா போனார்? மீனைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். கரையில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்யும்போது தண்ணீருக்குள் ஒரு முதலைத் தலை தன்னை நோக்கி வருவதைக் கண்டு பின்வாங்கினார். ஒரு நொடி தாமதித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முதலையின் மூக்கிலிருந்து புகை வந்தது என்று எழுதியதும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை முதலைத் தலைகள் மேல் நடந்தே போகலாம் என்ற அளவுக்கு அவை மீன் வேட்டைக்குக் கூடியிருந்தன என்றதும் அவருக்குப் பொய்யர் பட்டம் வாங்கித் தந்தன. அவர் வரைந்த படத்திலும் மூக்கிலிருந்து ஆவி கிளம்புகிறது. உறுமுவதற்கு முன் ஆண் முதலையின் முதுகுமேல் நீர் துள்ளித் தெறிப்பது இன்று வீடியோவில் பார்க்கக் கிடைக்கும் காட்சி. பார்ட்ரம் பார்த்தது அதைத்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. வைக்கோல்போர் மாதிரிக் கூடு கட்டும், தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் என்று அவர் சொன்னதில் சாராம்சம் சரியாகவே இருந்தது. ஊர்வன குட்டியைக் காக்கும் என்பதையே பலர் நம்பத் தயாராக இல்லாத காலம்.

லண்டனிலோ டாக்டருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. நூறு உலர்ந்த மாதிரிகளும் கொஞ்சம் படங்களும் வந்தன, சில அபூர்வமானவைதான், ஆனால் ஒரு விதையோ ஒரு செடியோ வரவில்லை என்று ஜானுக்குக் குறைப்பட்டு எழுதினார். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. பணம் கொடுத்தது தோட்டத்துக்கு. வில்லியம் கூலிக்கான வேலையை அரைகுறையாகச் செய்தார், கூலி இல்லாத வேலையை முழுமையாகச் செய்தார். செமினோல் ஊர்களின் வீடமைப்பு, கிரீக் மக்களின் சபை மண்டபம், பறவைகள் எந்த மாதம் எந்தப் பக்கம் போகின்றன, ஊற்றுத் தண்ணீரில் பெரிய மீனும் சின்ன மீனும் எப்படி ஒன்றையொன்று கடந்து போகின்றன, இப்படி எதற்கும் ஃபாதர்கில் காசு தருவதாகச் சொல்லவில்லை.

1775-ல் செரோக்கி மலைகளுக்குப் போனார். நாண்டஹாலா மலையோரம் அட்டாகுல்லாகுல்லா என்ற முதிய செரோக்கி தலைவர் பரிவாரத்தோடு எதிரே வர, வழியிலிருந்து விலகி மரியாதை செய்தார், கைகொடுத்துக்கொண்டார்கள். பிறகு மேற்கே மொபைல், மிசிசிப்பி. அந்தப் பயணத்தில் கடும் காய்ச்சல் வந்து கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. பல வாரம் பார்க்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உயிர் பிழைத்தார், பார்வை பழையபடி திரும்பவே இல்லை. ஓவியனுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது? நோயோடும் மிசிசிப்பி வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

பதினான்கு வருடம்

1777 ஜனவரியில் வீடு வந்தார். அந்த செப்டம்பரில் தந்தை இறந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்; சில நாட்களில் பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்தது. தோட்டம் தம்பி ஜானுக்குப் போயிற்று. வில்லியம் அங்கேயே தங்கி வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகம் வந்தது 1791-ல்.

தாவரப் பெயரிடலில் முந்தியவருக்கே உரிமை. காட்டில் முதலில் பார்த்தது கணக்கில் வராது, முதலில் முறையான விவரணையோடு அச்சிட்டதுதான் கணக்கு. பார்ட்ரமின் மாதிரிகள் லண்டனில் டேனியல் சோலாண்டர் கையில் இருந்தன. கேப்டன் குக்கோடு உலகம் சுற்றிய தாவரவியலாளர். ஆனால் அவர் மேசையில் இந்தக் கட்டு மட்டுமா இருந்தது? 1780-ல் ஃபாதர்கில் இறந்தார், 1782-ல் சோலாண்டர் இறந்தார். கட்டுகள் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸின் சேகரிப்பில் கிடந்தன. போர் முடியும்வரை கடிதப் போக்குவரத்தும் இல்லை.

இதற்கிடையில் 1788-ல் தாமஸ் வால்டர் கரோலினாத் தாவரங்களைப் பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். பார்ட்ரம் 1775-ல் மலையில் கண்டு 'மக்னோலியா ஆரிகுலாட்டா' என்று பெயர் வைத்திருந்த மரம், அந்த நூலில் ஜான் ஃபிரேசர் என்ற சேகரிப்பாளரின் பெயரில் 'மக்னோலியா ஃபிரேசரி' ஆகிவிட்டது. மூன்று வருட இடைவெளியில் போனது அது. தப்பிப் பிழைத்ததும் உண்டு: கருவாலி இலை போன்ற இலையுள்ள ஹைட்ராஞ்சியா இன்றும் அவர் வைத்த பெயரிலேயே நாற்றுப் பண்ணைகளில் விற்கிறது.

தாமதத்துக்கு லண்டனை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அவர் கையிலும் பங்கு இருக்கிறது. 1782-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தாவரவியல் பேராசிரியர் பதவி கொடுத்தது, உடம்பு சரியில்லை என்று மறுத்தார். 1786-ல் ஒருவர் சந்தா திரட்டி நூலை அச்சிட முயன்றார், நடக்கவில்லை. அதே வருடம் விதை எடுக்க சைப்ரஸ் மரத்தில் ஏறியவர் விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அதற்குப் பிறகு நொண்டித்தான் நடந்தார். கண் பாதி, கால் பாதி என்றாகிவிட்ட மனிதர் கையெழுத்துப் பிரதியை மட்டும் திருத்திக்கொண்டே இருந்தார்.

வந்த புத்தகத்தில் தேதிகள் தாறுமாறு. 1777 ஜனவரியில் திரும்பியவர், 1778-ல் திரும்பியதாக எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் தந்தை இறந்து நாலு மாதம் கழித்துத்தான் அவரைக் கட்டித் தழுவியிருக்க வேண்டும். ஃபிரான்சிஸ் ஹார்ப்பர் என்ற இயற்கையியலாளர் 20-ம் நூற்றாண்டில் பார்ட்ரமின் பாதையை வண்டியிலும் நடையிலும் தொடர்ந்து போய், தேதிகளையும் தூரங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 1958-ல் ஒரு பதிப்பு கொண்டுவந்தார். தேதியிலும் தூரத்திலும் பார்ட்ரம் அடிக்கடி தவறுகிறார். செடியிலும் இடத்தின் தோற்றத்திலும் அபூர்வமாகத்தான் தவறுகிறார். விடுதலைப் போரின் நடுவே பயணம் செய்தவர் போரைப் பற்றி அநேகமாக மூச்சே விடவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

உள்ளூர் விமர்சகர்களுக்கு நடை பிடிக்கவில்லை. பூ அதிகம், பொருள் குறைவு என்ற மாதிரிப் பேச்சு. விலங்கியலில் தண்டனை இன்னும் தாமதமாக வந்தது: பேரினம், இனம் என்று இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் இருசொற் பெயரிடல் முறையை நூல் முழுக்க ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று, சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையம் 1957-ல் அதன் பெயர்களைச் செல்லாது என்று தள்ளியது. 215 பறவைகளைப் பட்டியலிட்ட புத்தகத்துக்கு 166 வருடம் கழித்து வந்த தீர்ப்பு.

இரண்டு மூன்று ஏக்கர் மரம்

லண்டனுக்குப் போன காகிதத்தின் கதை இப்படி. வீட்டுக்கு வந்த விதையின் கதை வேறு.

1765 அக்டோபர் 1. ஜார்ஜியாவில் அல்டமாஹா ஆற்றங்கரை, ஃபோர்ட் பாரிங்டன் அருகே வழி தவறிய அப்பாவும் மகனும் முன்பின் பார்த்திராத சில குறுமரங்களைப் பார்த்தார்கள். பூக்காலம் முடிந்துவிட்டிருந்தது. பிற்காலப் பயணத்தில் வில்லியம் மட்டும் அங்கே திரும்பிப் போனார். தேயிலைக் குடும்பத்து மரம் அது. நீலகிரியில் தேயிலைப் பூவைப் பார்த்திருந்தால் பாதி அடையாளம் தெரிந்துவிடும்: வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் கேசரக் கொத்து. அதைப் பல மடங்கு பெரிதாக்கி, ஆரஞ்சுப் பூ மணம் சேர்த்தால் மீதியும் வந்துவிடும். விதை கொண்டுவந்து ஸ்கூல்கில் கரையில் விதைத்தார்கள். 1781-ல் பூத்தது. குடும்ப நண்பரின் நினைவாக 'ஃபிராங்க்ளினியா' என்று பெயர். உறவினர் ஹம்ஃப்ரி மார்ஷல் 1785-ல் தன் நூலில் 'ஃபிராங்க்ளினியா அலட்டமாஹா' என்று அச்சிட்டார். ஒருமுறையாவது அச்சு முந்திக்கொண்டது, அதுவும் உறவுக்காரர் கையால். 1788-ல் வில்லியம் அந்தப் பூவை வரைந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய படம், மங்கிய கண்ணால் வரைந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

தன் புத்தகத்தில் அவர் ஆச்சரியப்படுகிறார்: பென்சில்வேனியாவிலிருந்து மிசிசிப்பி வரை சுற்றியும் அந்த இரண்டு மூன்று ஏக்கர் தவிர வேறெங்கும் இந்த மரத்தைக் காணவில்லையே. 1803-க்குப் பிறகு அங்கேயும் யாரும் காணவில்லை. பருத்தி விவசாயத்தோடு வந்த வேரழுகல் பூஞ்சை என்கிறார்கள், காட்டுத்தீ, வெள்ளம், சேகரிப்பாளர்களின் கைவரிசை என்றும் சொல்கிறார்கள். காட்டில் அழிந்துவிட்டது. இன்று உலகில் எந்தத் தோட்டத்தில் ஃபிராங்க்ளினியா பூத்தாலும் அது பார்ட்ரம் தோட்டத்து விதை வழியில் வந்தது.

அந்தத் தோட்டத்தைத்தான் 1787-ல் வந்து பார்த்த ஜார்ஜ் வாஷிங்டன், செடிகள் விசித்திரமானவை, ஆனால் அமைப்பில் ரசனை போதாது, பெரிதும் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். ஐந்து வருடம் கழித்துத் தன் மவுன்ட் வெர்னன் பண்ணைக்குச் செடி வாங்கியதும் அங்கேதான்.

ஆசிரியர் இல்லாத பள்ளி

பேராசிரியர் பதவியை மறுத்தவர் தோட்டத்தில் பாடம் நடத்தினார் என்றே சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியா தாவரவியலாளர் பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டன் 1803-ல் கொண்டுவந்த தாவரவியல் பாடநூலின் படங்களில் பெரும்பாலானவை பார்ட்ரம் வரைந்தவை. கிரீக், செரோக்கி மக்களைப் பற்றி அதே பார்ட்டன் அனுப்பிய கேள்விகளுக்கு 1789-ல் விரிவாகப் பதில் எழுதிக் கொடுத்தார். அது அச்சேறியது 1853-ல், எழுதியவர் இறந்து முப்பது வருடம் கழித்து. வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

1802-ல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்தார். அலெக்சாண்டர் வில்சன், ஸ்காட்லாந்து நெசவாளி, கவிதையும் எழுதுபவர், மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்தவர். பார்ட்ரம் அவருக்கு வரையச் சொல்லிக் கொடுத்தார், பறவை நூல்களைத் திறந்துவிட்டார். வில்சன் தன் படங்களை அனுப்பி, ஒவ்வொரு பறவைக்கும் பென்சிலால் பெயர் எழுதித் தாருங்கள் என்று கேட்பார். ஆறு வருடத்தில் 'அமெரிக்கப் பறவையியல்' நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. தோட்டத்துப் பக்கம் கிடைத்த ஓர் உள்ளானுக்கு வில்சன் குருவின் பெயரை வைத்தார். புல்வெளி உள்ளானின் பேரினப் பெயர் இன்றும் 'பார்ட்ராமியா'.

ஜெஃபர்சன் அரசு 1806 வாக்கில் ரெட் ரிவர் ஆய்வுப் பயணத்துக்கு அவரை அழைத்தது. வயதைக் காட்டி மறுத்தார். அதற்குப் பதில் வீட்டுவாசலிலேயே ஒரு வேலை வைத்துக்கொண்டிருந்தார். 1802-லிருந்து 1822 வரை, எந்தப் பறவை எந்த நாள் வந்தது, எந்தச் செடி எப்போது பூத்தது, காற்று எந்தப் பக்கம் என்று சின்ன நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வந்தார். 1823 ஜூலை 22 காலை ஒரு செடியின் விவரணையை எழுதிவிட்டுத் தோட்டத்துக்கு நடக்கக் கிளம்பியபோது நெஞ்சில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். வயது 84.

மெதுவான ஆள், காரியத்துக்கு உதவாதவர் என்ற பழைய தீர்ப்புக்கு எதிராக நான் வைக்க விரும்பும் சான்று ஒரு சின்ன நீலப் பூ. ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. புத்தகத்தில் செயின்ட் ஜான்ஸ் ஆற்றுப் பக்கம் புல்வெளி முழுக்க வான்நீலமாகப் பூத்துக் கிடந்ததாக எழுதி, 'இக்ஸியா' என்று பெயரும் கொடுத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. பார்ட்ரமின் வழக்கமான அலங்காரம் என்று விட்டுவிட்டார்கள். 1931-ல் ஜான் ஸ்மால் என்ற தாவரவியலாளர் வடகிழக்கு ஃபுளோரிடாவில் அதே இடங்களில் அதை மறுபடி கண்டுபிடித்தார். காட்டுத்தீ போன பிறகு கூட்டமாகப் பூக்கும் செடி அது. பூ விடியலில் விரிந்து, உச்சிவெயிலுக்கு முன்பே சுருண்டுவிடும். சாப்பிட்டுவிட்டு, ஊரிலிருந்து வண்டி பிடித்து வந்து இறங்கிய சேகரிப்பாளர்களுக்குப் புல் மட்டுமே தெரிந்திருக்கும். பார்ட்ரம் அங்கேயே மரத்தடியில் தூங்கி எழுந்தவர்.